ரிஜிஸ்டர் தள்ளிய மர்லின்

ஸ்கிரீன் பிரிண்டிங் வேலைக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. ஃப்ரேமில் கட்டிய மெஷ் என்ற வலைத்துணி வழியாக மையை இழுத்து அடிக்கிற வேலை. மஞ்சப்பை, தாம்பூலப் பை, கல்யாணப் பத்திரிகை, ஸ்டிக்கர், பனியன் என்று கைபடாத சரக்கு கிடையாது. வந்த புதிதில் 500 தாம்பூலப் பைக்கு இரண்டு கலர் அடிக்கச் சொன்னார்கள். பெண் மாப்பிள்ளை பெயர் சிவப்பில், ஓரக்கோடு பச்சையில். இரண்டாவது கலரின்போது ஃப்ரேமைப் பிடித்திருந்த கிளாம்ப் லேசாகத் தளர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அரைக்கால் அங்குலம்கூட விலகியிருக்காது. ஆனால் எழுத்து ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். அத்தனை பையும் வேஸ்டேஜ். அந்த மாதச் சம்பளத்தில் பாதி போனது. ஒரு கலரோடு இன்னொரு கலர் சரியாகப் பொருந்தி உட்காருவதைத்தான் ரிஜிஸ்டர் என்போம். "ரிஜிஸ்டர் தள்ளிடுச்சுன்னா நீ வேலையே பாக்கலைன்னு அர்த்தம் தம்பி" என்றார் மாஸ்டர். அன்றிலிருந்து ஒவ்வொரு இழுப்புக்கும் குனிந்து ரிஜிஸ்டர் பார்ப்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், கவின்கலை படிக்கும் பெண் ஒருத்தி பட்டறைக்கு வந்தாள். கையில் அவளுடைய பாட்டியின் வாக்காளர் அட்டைப் படம். அதை ஒரே துணியில் பன்னிரண்டு முறை அடிக்க வேண்டும் என்றாள். அப்புறம் பையிலிருந்து ஒரு கனமான புத்தகத்தை எடுத்துப் பிரித்து, "இது மாதிரி வேணும்ணா" என்றாள்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1962இல் செய்த 'மர்லின் டிப்டிக்'. நடிகை மர்லின் மன்றோவின் முகம் ஐம்பது முறை. இடது பாதியில் கலர், வலது பாதியில் வெறும் கறுப்பு. படத்தை நான் அச்சுக்காரனாகத்தான் பார்த்தேன். உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு இறங்கியிருந்தது. இமை நீலம் இமையில் நிற்கவில்லை. வலது பாதியில் ஒரு வரிசையில் மை அப்பி முகமே கருத்துப்போயிருந்தது. ஓரத்துக்குப் போகப்போக முகம் வெளிறி, கடைசியில் நிழல் மாதிரிதான் தெரிந்தது. மெஷ் அடைத்திருக்கிறது, துடைக்காமலே இழுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் என்னால் காரணம் சொல்ல முடிந்தது.

"இது வேஸ்டேஜ் ஆச்சேம்மா" என்றேன்.

"அதுதாண்ணா வேணும்."

புத்தகத்தை என்னிடமே விட்டுப் போனாள். புரியாத இடங்களை அவளிடம் கேட்டுக்கேட்டுப் படித்தேன். மன்றோ இறந்தது 1962 ஆகஸ்டில். அதற்குப் பிறகு சில வாரங்களிலேயே, 1953இல் வந்த 'நயாகரா' படத்தின் விளம்பரப் போட்டோ ஒன்றை எடுத்து வார்ஹால் ஸ்கிரீன் போட்டிருக்கிறார். அதுவரை நியூயார்க்கில் விளம்பரங்களுக்குச் செருப்பு, ஷூ வரைந்து பிழைத்தவர். அதைப் படித்ததும் ஆள் எனக்கு நெருக்கமாகிவிட்டார். அதே 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் காட்சிக்கு வைத்த 32 சூப் டப்பா ஓவியங்கள், அச்சு மாதிரியே தெரிந்தாலும் கையால் வரைந்தவை. கையை மிஷின் மாதிரி நடக்க வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதமே போட்டோ ஸ்கிரீனுக்கு வந்திருக்கிறார்.

அதற்கு முந்தைய தலைமுறையில் ஜாக்சன் பொலாக் போன்ற அமெரிக்க ஓவியர்களுக்கு, கேன்வாஸில் விழும் ஒவ்வொரு சொட்டும் ஓவியனின் உள்ளத்திலிருந்து வருவது. அது ஒன்றே ஒன்றுதான், அதுதான் அசல். வார்ஹால் போன்ற பாப் ஆர்ட்காரர்கள் அந்த நம்பிக்கையைத்தான் அசைத்தார்கள். ஏற்கெனவே யாரோ எடுத்த படம், யாரோ செய்த டப்பா, யாரோ வரைந்த காமிக்ஸ் கட்டம் என்று எடுத்து மறுபடி அடித்தார்கள். உயர்ந்த கலை, கடைத்தெருச் சரக்கு என்று நடுவில் இருந்த சுவரில் ஓட்டை விழுந்தது. பின்நவீனத்துவம் என்று அந்தப் பெண் சொன்ன பெரிய சொல் எனக்கு இந்த வழியாகத்தான் புரிந்தது. ஆயிரம் மஞ்சப்பை இழுத்தால் அதில் எது அசல்? எங்கள் மேஜையில் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது.

புத்தகத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு படம். 1964இல் நியூயார்க்கின் ஸ்டேபிள் கேலரியில் வார்ஹால் வைத்த பிரில்லோ பெட்டிகள். பாத்திரம் தேய்க்கும் சோப்புப் பஞ்சு வரும் அட்டைப்பெட்டியை, பிளைவுட்டில் அச்சு அசலாகச் செய்து, மேலே ஸ்கிரீன் அடித்தது. கடையில் இருக்கும் பெட்டி கலை இல்லை, இது மட்டும் எப்படிக் கலை என்று ஆர்தர் டான்டோ என்ற தத்துவப் பேராசிரியர் யோசிக்க ஆரம்பித்ததே இதைப் பார்த்துத்தான். நல்ல கேள்வி. எனக்கு அதற்கு முன்னாலேயே இன்னொன்று வந்தது. அந்தக் கடைப் பெட்டியை வரைந்தவர் யார்?

ஜேம்ஸ் ஹார்வி. பிழைப்புக்குப் பெட்டி டிசைன் செய்துகொண்டு, தனக்காக அரூப ஓவியம் வரைந்தவர். அந்தக் கண்காட்சிக்குப் போய், தான் வரைந்த பெட்டி அங்கே அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார். அடுத்த வருஷமே இறந்துவிட்டார். இன்னொரு பாப் ஆர்ட்காரர் ராய் லிக்டன்ஸ்டைனின் 'வாம்!' ஓவியத்துக்கும் இதே கதைதான். அதற்கு அடிப்படை, இர்வ் நோவிக் ஒரு போர் காமிக்ஸில் வரைந்த கட்டம். பாப் ஆர்ட் எனக்குப் பிடிக்கும். எங்கள் மேஜையைத் திரும்பிப் பார்த்த கலை அது. ஆனால் மேஜையில் இருந்த பொருள் கேலரிக்குள் போனது, அதைச் செய்தவர் பெயர் வாசலிலேயே நின்றுவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. வார்ஹால் பயன்படுத்திக்கொண்ட ஒரு போட்டோ விஷயத்தில், எடுத்த லின் கோல்ட்ஸ்மித்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2023இல்தான்.

சரி, பாட்டி படத்துக்கு வருகிறேன். முதலில் காகிதத்தில் வைத்து மூன்று இழுப்பு இழுத்தேன். மூன்றும் ரிஜிஸ்டர் சுத்தமாக உட்கார்ந்துவிட்டது. கை வேறு மாதிரி செய்ய மறுத்தது. கடைசியில் ஸ்பேனரை எடுத்து நானே கிளாம்பைத் தளர்த்தினேன். நெஞ்சு படபடத்தது. முதலில் கலர், அதன்மேல் கறுப்பு. நடுவில் மை ஊற்றாமல், துடைக்காமல், பன்னிரண்டையும் வரிசையாக இழுத்தேன். சேலைச் சிவப்பு தோளை விட்டு விலகியது. ஏழாவது முகத்திலிருந்து சுருக்கங்கள் மறைய ஆரம்பித்தன. பன்னிரண்டாவதில் கண் இரண்டும் கன்னத்துப் பள்ளமும் மட்டும்தான் மிச்சம்.

அந்தப் பெண் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பாட்டி தவறி நாலு மாசம்தான் ஆகிறது என்று அப்புறம்தான் சொன்னாள். மர்லின் படத்தின் வெளிறிய பாதியை அன்று ராத்திரி மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

மொத்தம் இரண்டு பிரதி அடித்தோம். மை காய்ந்ததும் துணியின் கீழ் ஓரத்தில் பென்சிலால் அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டி, "நீங்களும் போடுங்கண்ணா, இழுத்தது நீங்கதானே" என்றாள். அத்தனை வருஷத்தில் அடித்த லட்சக்கணக்கான பெயர்களில் என் பெயர் எதிலும் இருந்ததில்லை. தமிழில் முழுப் பெயரையும் எழுதினேன்.

ஒன்றை அவள் எனக்கே கொடுத்துவிட்டாள். காயப்போடும் ரேக்குக்கு மேலே மாட்டியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் அதைப் பார்த்ததும், "வேஸ்டேஜாண்ணே?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு ரிஜிஸ்டர் சொல்லிக்கொடுப்பதை அந்தத் துணியின் அடியில் நிறுத்தி வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன்.