அங்கன்வாடிக்கு மனு எழுதுறவங்க கவனத்துக்கு

திருநெல்வேலி மாவட்டத்துல முக்கூடல், வீரவநல்லூர் பக்கம் பீடி சுத்துற தாய்மாருக்கு அங்கன்வாடிதான் பெரிய ஆதரவு. அங்க குறை இருந்தா எழுத்துல கேளுங்க. 3 முதல் 6 வயசுப் பிள்ளைக்குத் மையத்துல சத்தான சாப்பாடுங்கிறது 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை, யாரோட தயவும் இல்ல.

"மையம் சரியில்லை"ன்னு மொட்டையா எழுதுனா மனு நகராது. மைய எண், எந்தத் தேதியில இருந்து என்ன குறை, கூரை ஒழுகுற இடம், எடை மெஷின் ஓடுதா இல்லையான்னு போட்டோவோட எழுதி, திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல கொடுத்து ரசீது வாங்குங்க.

ஊராட்சின்னா கிராமசபையிலயும் பேசுங்க. பேசுனா மட்டும் போதாது; தீர்மானமா எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்க.

மனு நிக்கட்டும், பிள்ளை காத்திருக்கக் கூடாது. 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்குப் புஜத்து நடுவுல நாடா சுத்தி அளந்து, சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைஞ்சா அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு; அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.