பின் செல்லும் பொத்தானும் பித்தளைக் குடமும்

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கடைக்குத் தொலைபேசியில் பேசினார். "தம்பி, நான் கேட்டது பித்தளைக் குடம். வந்திருப்பது எவர்சில்வர். பால்குடம் எடுக்கும் நேர்த்திக்கடனில் இப்படி விளையாடலாமா?" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். பதிவேட்டைப் பார்த்தேன். அவர் ஆர்டர் செய்திருந்தது எவர்சில்வர்தான். "இல்லை தம்பி, மேலே பித்தளை என்றுதான் எழுதியிருந்தது" என்று அவர் அடித்துச் சொன்னார்.

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இருக்கும் அந்தப் பூசைச் சாமான் கடை என் மாமாவுடையது. இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நான். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. தளத்தின் மேல்பகுதியும் வகைப் பட்டியலும் நான் எழுதியவை. ஆர்டர் வாங்கும் பகுதி வேறொரு நிறுவனத்தின் செயலி. அதை ஐஃபிரேம் வழியாக, சுவரில் ஜன்னல் வைப்பதுபோல, நம் பக்கத்துக்குள் பதித்திருந்தேன். எனவே அந்த அம்மா சொன்னதைக் கேட்டதும் பழியைத் தூக்கி அந்த நிறுவனத்தின் மீது போட்டுவிட்டேன். மின்னஞ்சல்கூட எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அம்மா செய்ததை நானும் செய்து பார்த்தேன். முதலில் எவர்சில்வர், பிறகு பித்தளை, பிறகு ஒரு முறை பிரவுசரின் பின் செல்லும் பொத்தான். உள்ளே எவர்சில்வர் குடங்கள் திரும்பி வந்தன. மேலே தலைப்பு மட்டும் 'பித்தளை' என்றே நின்றது. புகைப்படத்தில் இரண்டு குடமும் ஒரே அச்சு. அவசரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

காரணம் இதுதான். வகைப் பெயரைத் தொட்டவுடன் என் நிரல் ஐஃபிரேமின் முகவரியை மாற்றும். பிரவுசர் அதையும் ஒரு பயணமாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. வெளிப்பக்கத்துக்கு ஒரு வரலாறு, உள்ளே இருக்கும் ஐஃபிரேமுக்குத் தனி வரலாறு என்று இரண்டு கிடையாது. ஒரு தாவலுக்கு ஒரே கணக்குப் புத்தகம். பின்னால் போகும்போது ஐஃபிரேம் மட்டும் பழைய இடத்துக்குப் போகிறது. வெளிப்பக்கத்துக்கு அது நடந்ததே தெரியாது.

சரி, வெளிப்பக்கமும் கணக்கு எழுதட்டும் என்று ஒவ்வொரு தொடுதலுக்கும், வரலாற்றில் புது வரி எழுதும் புஷ்ஸ்டேட் கட்டளையைச் சேர்த்தேன். முகவரிப் பட்டையில் வகையின் பெயர் வந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. மாமா கல்லாவில் உட்கார்ந்தபடியே சோதித்துப் பார்த்தார். "என்னப்பா, ஐந்தாறு தடவை அழுத்தினாலும் வெளியே விடமாட்டேன் என்கிறது?" என்றார். அவர் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்திருந்ததால் பழைய பக்கங்களின் பட்டியல் திறந்திருந்தது. அதில் நம் கடையின் பெயரே வரிசையாக அடுக்கியிருந்தது. இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்ததை ஒரு விரலால் எடுத்துக்காட்டிவிட்டார், அவருக்கே தெரியாமல்.

பிரவுசரின் சோதனைப் பலகையான கன்சோலைத் திறந்து, வரலாற்றில் எத்தனை வரி என்று சொல்லும் ஹிஸ்டரி.லெங்த் என்ற எண்ணைக் கவனித்தேன். ஒரு தொடுதலுக்கு ஒன்று கூட வேண்டியது இரண்டிரண்டாகக் கூடியது: புஷ்ஸ்டேட் எழுதியது ஒன்று, ஐஃபிரேம் எழுதியது ஒன்று. போதாததற்கு, பின்னால் போகும்போது ஓடும் பாப்ஸ்டேட் நிரலும் ஐஃபிரேமுக்கு முகவரி கொடுத்தது. பழைய பக்கம் சேமிப்பிலிருந்து வந்துவிடக் கூடாது என்று அந்த முகவரியின் வாலில் நேரத்தையும் ஒட்டியிருந்தேன். ஆகவே ஒவ்வொரு முறையும் அது புது முகவரி. பின்னால் போகிற மனிதரைப் பிடித்து என் நிரலே முன்னால் தள்ளியிருக்கிறது.

நிரலில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே வரி. ஐஃபிரேமின் முகவரிப் பண்பைத் தொடாமல், அதன் உள்சாளரத்தில் லொகேஷன்.ரீப்ளேஸ் அழைத்தால் வரலாற்றில் இருக்கும் வரி மாற்றி எழுதப்படும், புது வரி சேராது. உள்ளே இருப்பது வேறு தளமாக இருந்தாலும் இதைப் பிரவுசர் அனுமதிக்கிறது. உள்ளே என்ன முகவரி ஓடுகிறது என்று படிக்கத்தான் விடாது. எட்டிப் பார்த்தால் பாதுகாப்புப் பிழை என்று முகத்திலடித்ததுபோல் சொல்லிவிடும். எழுதலாம், படிக்கக் கூடாது. முதலில் விசித்திரமாகத் தோன்றியது. அடுத்தவர் தளத்தில் வாடிக்கையாளர் என்ன பார்க்கிறார் என்பது நமக்கு எதற்கு என்று யோசித்தபோது நியாயமாகப் பட்டது.

அந்தத் தடையால்தான் அடுத்த சிக்கலுக்குத் தனியாகத் தீர்வு காண முடியவில்லை. வாடிக்கையாளர் செயலிக்குள்ளேயே ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் வெளிப்பக்கம் எப்படி அறியும்? உள்ளிருந்து யாராவது சொல்ல வேண்டும். முன்பு குற்றம் சாட்டிய அதே நிறுவனத்துக்கு மீண்டும் எழுதினேன், முதல் வரியில் மன்னிப்போடு. கோலாலம்பூரிலிருந்து அவர்களுடைய பொறியாளர் பேசினார், நல்லவேளையாகத் தமிழர். ஒவ்வொரு பக்கமும் திறந்தவுடன், பக்கங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் போஸ்ட்மெசேஜ் வழியாகத் தன் பெயரைச் சொல்லும்படி மாற்றித் தந்தார். "அனுப்புவது யார் என்று பார்த்துவிட்டு நம்புங்கள்" என்றும் சொன்னார். பார்த்தபோதுதான் தெரிந்தது, என் பிரவுசரில் நான் போட்டிருந்த ஒரு நீட்சி நிரலும் (எக்ஸ்டென்ஷன்) அதே வழியில் ஏதேதோ அனுப்பிக்கொண்டிருந்தது. எந்தத் தளத்திலிருந்து செய்தி வருகிறது என்பதைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால் அதையும் வகைப் பெயர் என்று தலைப்பில் போட்டிருப்பேன்.

இந்தச் செய்தி வரும்போது புஷ்ஸ்டேட் கூடாது. உள்பக்கம் நகர்ந்ததுமே பிரவுசர் ஒரு வரி எழுதிவிட்டது. இருக்கும் வரியையே மாற்றி எழுதும் ரீப்ளேஸ்ஸ்டேட் போட்டுத் தலைப்பையும் முகவரியையும் திருத்தினால் போதும். முன் பொத்தானை அழுத்தினாலும் பின் பொத்தானை அழுத்தினாலும் உள்பக்கம் மறுபடி பெயர் சொல்லும், வெளிப்பக்கம் திருத்திக்கொள்ளும்.

பட்டர்வொர்த் அம்மாவுக்குப் பித்தளைக் குடத்தை நானே ஃபெர்ரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய கைப்பேசியிலேயே எவர்சில்வர், பித்தளை, பின் பொத்தான் என்று செய்து காட்டினேன். தலைப்பும் குடமும் சேர்ந்தே மாறின. அவர் பாதிதான் கவனித்தார். தேநீர் கலக்கப் போய்விட்டார்.

பணம் செலுத்தும் பக்கத்தை மட்டும் ஐஃபிரேமிலிருந்து எடுத்துப் புதுத் தாவலில் திறக்க விட்டிருக்கிறேன். பணம் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவர் பின் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.