கல்லீரலை விடப் பிரகாசமாக

மார்ச் 4
அக்காவுக்கு இருக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் புற்றுநோய்) எங்கெங்கே பரவியிருக்கிறது என்று கதிரியக்க மருந்தால் காட்டும் கேலியம் ஸ்கேனுக்கு 14ஆம் தேதி கிடைத்திருக்கிறது. மாதந்தோறும் போட்டுக்கொள்ளும் ஆக்ட்ரியோடைட் ஊசியின் அடுத்த தவணைக்குச் சற்று முன்பாக அமையும்படி நாளைத் தேர்ந்திருக்கிறார்கள். அந்த ஊசி மருந்தும் ஸ்கேன் மருந்தும் கட்டியின் மேலுள்ள, சோமாடோஸ்டாடின் ஹார்மோன் வந்து ஒட்டும் அதே ஏற்பியைத்தான் நாடிச் செல்கின்றன.

மார்ச் 6
கட்டி ஒளிர வேண்டும். நன்றாக ஒளிர வேண்டும்.

மார்ச் 9
ஸ்கேனில் எதுவும் தெரியக்கூடாது என்று அம்மா தினமும் விளக்கேற்றுகிறார். கட்டி இருப்பது சி.டி.யிலேயே தெரிந்துவிட்டது என்பதையும், அது ஒளிராமல் போவதே எனக்கு அச்சம் என்பதையும் அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஏற்பிகள் செறிந்திருந்தால்தான் ஸ்கேன் மருந்திலுள்ள கேலியம்-68 அங்கே தங்கும்; அது தங்கும் இடத்தில்தான், ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் அதே டோட்டாடேட் மூலக்கூறில் ஏற்றிச் சிகிச்சைக்காக அனுப்பப்படும் லுட்டீசியம்-177உம் தங்கித் தன் பீட்டாக் கதிர்களால் செல்களை அழிக்கும். 2017இல் வெளியான நெட்டர்-1 ஆய்வில், அக்காவுக்கு இருப்பதைப் போன்று சிறுகுடல் பகுதியில் தோன்றிப் பரவிய கட்டிகளில், 20 மாதங்களில் நோய் முற்றாமல் இருந்தோர் லுட்டீசியம் பிரிவில் 65.2 சதவீதம், ஆக்ட்ரியோடைட் மட்டும் கூடுதல் அளவில் பெற்ற பிரிவில் 10.8 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் நான் தூக்கத்திலும் சொல்வேன். அந்தச் சிகிச்சைக்குள் நுழைய, கட்டி குறைந்தபட்சம் கல்லீரலை விடப் பிரகாசமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்.

மார்ச் 12
உறக்கமில்லை.

மார்ச் 14
கேலியம்-68இன் அரை ஆயுள் 68 நிமிடங்கள்தான். எனவே வெளியூரிலிருந்து தருவித்து வைக்க வழியில்லை. 271 நாள் அரை ஆயுளுள்ள ஜெர்மானியம்-68இலிருந்து அந்தந்த வேளைக்கு மருத்துவமனையிலேயே பிரித்தெடுக்கிறார்கள். ஊசிக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அக்கா தனியறையில் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருந்தாள். படம் எடுக்கத் தொடங்கும்போதே மருந்தின் பாதி ஓய்ந்திருக்கும் என்று கணக்கிட்டபடி நான் வெளியே நின்றேன்.

மார்ச் 15
அறிக்கை வரவில்லை.

மார்ச் 16
ஒளிர்ந்திருக்கிறது! கல்லீரலில் உள்ள கட்டிகள் மண்ணீரலை விடவும் பிரகாசம். கட்டியின் பிரகாசத்தை மதிப்பிடும் க்ரென்னிங் அளவுகோலில் 4, அதுவே உச்சம். கணையத்தின் தலைப்பகுதியில் தெரிந்த மங்கலான ஒளியைக் கண்டு பதறினேன். அங்கே இயல்பாகவே ஏற்பிகள் உண்டு, அது நோயல்ல என்றார் மருத்துவர்.

ஆனால் சி.டி.யில் தெளிவாகத் தெரியும் ஒரு கட்டி, கல்லீரலின் வலப்புறத்தில், இந்தப் படத்தில் இருட்டாகவே கிடக்கிறது.

மார்ச் 17
அந்த ஒன்று.

மார்ச் 19
பயாப்ஸி எடுத்தது ஒளிர்ந்த கட்டிகளில் ஒன்றிலிருந்துதான். ஒரே உடலில், ஒரே நோயில், ஒரு கட்டி மட்டும் ஏற்பிகளை இழந்து வேகமாக வளரக்கூடியதாக மாறியிருக்கலாம்; ஊசிமுனை தொட்ட இடத்தைப் பற்றி மட்டுமே பயாப்ஸி பேசும், ஸ்கேனோ உடல் முழுவதையும் ஒருசேரக் காட்டுகிறது. அது காட்டியிராவிட்டால் லுட்டீசியம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றே நம்பியிருப்போம். அடுத்ததாக, கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்திப் பார்க்கும் எஃப்.டி.ஜி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். சர்க்கரையை ஈர்த்து அந்தக் கட்டி ஒளிர்ந்தால், அது மூர்க்கமானது என்று பொருள்.

இப்போது ஒளிரக்கூடாது என்று வேண்டுகிறேன். அம்மாவின் வேண்டுதலும் என்னுடையதும் ஒன்றாகிவிட்டன.

மார்ச் 22
நாளை ஸ்கேன். ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்த பின்பே மருந்து செலுத்துவார்கள். அறிக்கையை நான் முதலில் பிரிக்கக்கூடாது, தன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.