அம்மப்பாவின் ஆண்டுகளைத் தேடி: ஐந்தாம் மாதக் குறிப்பு

அம்மப்பாவின் வாழ்க்கையை எங்கள் பிள்ளைகளுக்காகச் சிறு புத்தகமாக எழுதி வைக்கும் வேலை பதினெட்டாம் பக்கத்தை எட்டியிருக்கிறது. முதல் இரண்டு மாதங்கள் வீண்தான். உறவினர் வீடு வீடாகச் சென்று "இது எந்த ஆண்டு நடந்தது?" என்று கேட்டேன், ஒருவருக்கும் ஆண்டு நினைவில்லை, எனக்குத் தேத்தண்ணீர்தான் மிச்சம்.

கேள்வியை மாற்றிய பிறகே பேச்சு வந்தது. குண்டு விழுந்த அன்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அம்மப்பாவின் கடைசித் தங்கையான குஞ்சம்மம்மாவிடம் கேட்டேன். தொண்ணூறைக் கடந்த அவர் யோசிக்கவே இல்லை: "எனக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்தது. அண்ணன் ஒத்தைக் கால் சப்பாத்தோட டொக்யாட்டில இருந்து ஓடி வந்தவர்." யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கியது 1942 ஏப்ரல் 9 காலையில் என்பதால், அதற்கு முன்பே அம்மப்பா டொக்யாட்டில், அதாவது கடற்படைக் கப்பல்துறையில், தச்சு வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்பது உறுதியாயிற்று, குடும்பத்தில் இதுவரை எல்லோரும் யுத்தம் முடிந்த பிறகென்றே சொல்லி வந்தார்கள்.

"சூறாவளிக்குப் பிறகு கிணறு கட்டினவர்" என்று அம்மா சொன்னபோது 1964ஆ, 1978ஆ என்று குழம்பினேன். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட செய்தியை அம்மப்பா வானொலியில் கேட்டுவிட்டு அன்றிரவு சாப்பிடாமல் படுத்தது அம்மாவுக்கு நினைவிருந்தது. 1964 டிசம்பர் என்று எழுதிக்கொண்டேன். பிரித்தானியர் 1957இல் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனதும் அவருடைய வேலை போனதைப் பற்றி எவரும் பேச விரும்பவில்லை. அதற்கு இரண்டு வரி போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு படத்தைக் கெடுத்தும்விட்டேன். சட்டகக் கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்த கலியாணப் படத்தை அவசரப்பட்டு உரித்ததில், அம்மப்பாவின் இடது தோள் கண்ணாடியோடு தங்கிவிட்டது. அடுத்த படத்தை உரிக்கவில்லை. யன்னலோரம் வைத்து, கைபேசியின் வில்லைக்கு மட்டும் துளையிட்ட கறுப்புத் துணியை முன்னே பிடித்து, மின்னொளி இல்லாமல் கண்ணாடிக்கு மேலாகவே எடுத்தேன். என் முகம் அதில் விழவில்லை, அவர் மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவருடைய சீவுளியைப் படமெடுக்கக் கையிலெடுத்தேன். மரத்தின் வலப்பக்கத்தில், பெருவிரல் அழுந்தி அழுந்தி, புளியங்கொட்டை அளவுக்கு வழவழவென்று ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வலக்கையால் பிடித்துப் பார்த்தேன், விரல் அதில் உட்காரவில்லை. இடக்கைக்கு மாற்றியதும் அச்சொட்டாகப் பொருந்தியது. அம்மாவிடம் காட்டினேன். "ஓம், சோத்தைத் தவிர எல்லாம் இடக்கைதான், இதையெல்லாம் ஆர் கேட்டவை?" என்றார். பதினெட்டுப் பக்கத்திலும் அது இல்லை. முதற் பக்கத்திலிருந்து திருப்பி எழுதத் தொடங்கியிருக்கிறேன்.