'தொகுக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள்

கோயில் கொடை, தேர்தல், குருபூஜை என்று எது வந்தாலும் எங்கள் பக்கம் போலீஸ் ஜீப் முதலில் போய் நிற்பது குறிப்பிட்ட சில தெருக்களில்தான். இனி ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணை எந்தச் சாதியார்மேல் அதிகம் பாய்கிறது என்பதைப் போலீஸ் பதிவேட்டை வைத்தே பார்த்துவிடலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். இதற்கான பிரிவுகள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 126, 129. மனுவில் நான்கையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் பாதிதான் வரும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதுவரை சிக்கல் இல்லை.

30 நாள் கெடு முடியும் நேரத்தில் ஒரே வரியில் பதில் வந்தது: 'சாதிவாரியாக விவரம் தொகுக்கப்படவில்லை.' இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. குற்றப்பத்திரிகைப் படிவத்திலேயே எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், பட்டியல் சாதியா, பழங்குடியா என்று கேட்கும் கட்டம் இருக்கிறது. ஆளாளுக்குக் கேட்டு எழுதத் தெரிகிறது, கூட்டிச் சொல்ல மட்டும் மனம் வரவில்லை.

போலீஸ் அலுவலகத்துக்கு நேரில் போனேன். எழுத்தர் மனுவைப் புரட்டிக்கொண்டே, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்லாமல் நின்றேன். "இதெல்லாம் ஒமக்கு எதுக்குவே?" என்றார். 'அண்ணாச்சி' அதற்குள் போய்விட்டது. காரணம் கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) சொல்வதை எடுத்துச் சொன்னேன். மேலே பேசாமல் ஃபைலைக் கட்டி வைத்துவிட்டார்.

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம். விசாரணைக்கு வரச் சொன்ன நாளில் போனால் அதிகாரி பசும்பொன் தேவர் குருபூஜை பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, ஒரு நாள் வேலை போனது. அக்டோபர் 30-ஐ ஒட்டித் தேதி கொடுத்தால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தேதியில் விஷயம் நகர்ந்தது. "நீங்கள் தொகுக்க வேண்டாம், பதிவேட்டைக் காட்டுங்கள், நானே எண்ணிக்கொள்கிறேன்" என்றேன். பார்வையிடும் உரிமை பிரிவு 2(ஜே)-யில் இருக்கிறது. 8(1)(ஜே), தனிநபர் விவரம் என்று மறித்தார்கள். பெயரே வேண்டாம், பிரிவு 10 சொல்கிறபடி மறைத்துக் கொடுங்கள் என்று எழுதியே வைத்திருந்தேன். மறுக்க வழி இல்லை. அனுமதி கிடைத்தது!

இதே வழக்குகளின் எம்.சி. (இதர வழக்குகள்) பதிவேடு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகங்களிலும் இருக்கும். நான் போன இடத்தில் ஓர் அம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்தே காட்டினார். பக்கம் பக்கமாகக் காரணம் ஒன்றுதான்: 'பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்கக்கூடும்.' ஒரே கையெழுத்து, ஒரே வாக்கியம். ஆள் மட்டும் வேறு. நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

எண்ணும்போது கவனம் வேண்டும். மதம் மாறிய தலித் கிறிஸ்தவர்கள் நம் மாநிலத்தில் பி.சி. பட்டியலில் வருவார்கள். பாளையங்கோட்டை வட்டாரத்தில் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் படமே மாறிவிடும். ஒப்பிட 2011 கணக்கெடுப்பு இருக்கிறது. பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 18.5 சதவீதம். ஊர் வாரியாகவும் எடுக்கலாம். பி.சி., எம்.பி.சி. எண்ணிக்கை அதில் கிடையாது.

மனுவை அனுப்ப, மாநகரத்துக்குப் போலீஸ் ஆணையர் அலுவலகம், மற்ற இடங்களுக்கு எஸ்.பி. அலுவலகம். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது, பழைய வழக்குக்கு அங்கேயும் ஒரு மனு போடுங்கள்.

அடுத்து ரவுடிப் பட்டியலைக் கேட்டிருக்கிறேன். பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்ட மக்கள்மீது ஹிஸ்டரி ஷீட் (ரவுடி என்று போலீஸ் வைக்கும் கோப்பு) கண்ணை மூடிக்கொண்டு திறக்கப்படுவதைப் பற்றி 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டு, மாநிலங்கள் தங்கள் நடைமுறையைத் திரும்பப் பார்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலையும் மனுவோடு இணைத்திருக்கிறேன். முதல் மேல்முறையீட்டிலும் மறுத்தால் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள் இருக்கிறது.