விளக்கில்லாத சைக்கிள்

ஏற்காடு மலை இறங்கி அடிவாரம் வந்தபோது என் மின்சாரக் காரின் பேட்டரி 41லிருந்து 44 சதவீதம் ஆகியிருந்தது. 20 கொண்டை ஊசி வளைவிலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அதை மின்சாரமாக்கிக்கொண்டது.

எதிரே பேருந்து. என் காரின் ஹை பீம் அணையவில்லை. பேருந்து வந்த இடம் மட்டும் வெட்டி எடுத்ததுபோல இருட்டானது. ஓரத்துப் புளியமரங்களில் வெளிச்சம் அப்படியே. முன்கண்ணாடிக் கேமரா பார்த்துச் சொல்ல, முகப்பு விளக்கிலுள்ள குட்டி எல்இடி விளக்குகள் தனித்தனியே அணைகின்றன. எவ்வளவு அழகான வேலை!

அப்புறம் ஒரு பெரியவர். சைக்கிள் கேரியரில் புல்லுக்கட்டு, விளக்கு கிடையாது.

இருட்டில் கேமரா முக்கியமாகத் தேடுவது எதிர்வண்டியின் விளக்கைத்தான். அவரிடம் அது இல்லை. முழு வெளிச்சமும் முகத்தில் அடிக்க, ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டார்.

சட்டென்று நானே டிம் செய்தேன்.

விளக்கு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் இந்த மரியாதையா? மனசு கேட்கவில்லை. இனி ஊர்ப்பக்கம் வந்தால் கையால்தான் டிம்.