ரஜ்ஜு தட்டிய கார்புரேட்டர்

பள்ளிக்கூடப் பேருந்து என்னை முந்திக்கொண்டு போன அன்றுதான், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டரை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். மேம்பால ஏற்றம். நான் ஓட்டிக்கொண்டிருந்தது 1966 ஃபோர்டு மஸ்டாங். மஸ்டாங் என்றால் காட்டுக்குதிரை. பேருந்தின் கடைசி சீட்டிலிருந்து ஒரு பையன் எனக்கு டாட்டா காட்டினான்.

இதை நான் வாங்கியதே ஊர்ப்பாசத்தில்தான். நாங்கள் இருப்பது நியூஜெர்சி எடிசனில். கம்பெனி பொறித்த கார் எண் 6டி07டி என்று தொடங்கும். 6 என்பது 1966. அடுத்த டி எங்கள் ஊர்த் தொழிற்சாலை. ஃபோர்டு அதைப் பக்கத்து ஊர் பெயரில் மெட்டச்சன் என்று எழுதிக்கொண்டாலும் அது நின்றது எடிசனில், ரூட் ஒன்று நெடுஞ்சாலையின் ஓரத்தில். 2004இல் மூடிவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் கடைகள். "நாம பருப்பு வாங்குற ஊர்லயே பிறந்த கார்" என்று மனைவியிடம் உருகினேன். "பிறந்த ஊர்லயே இருக்கட்டுமே, நம்ம வீட்டுக்கு எதுக்குங்க?" என்றாள்.

கடைசி டி-தான் விஷயம். ஆறு சிலிண்டர் எஞ்சின், 200 கன அங்குலம், அதாவது 3.3 லிட்டர். பானெட்டைத் திறந்ததும் எட்டு சிலிண்டர் வி-8 இருக்கும் என்று எட்டிப் பார்ப்பவர்கள், பெண் பார்க்க வந்து பஜ்ஜி ஆறிப்போன முகத்தோடு திரும்புவார்கள். 120 குதிரைத்திறன் என்று கம்பெனி சொன்னது. என் கைக்கு வருவதற்குள் பாதிக் குதிரைகள் லாயத்தில் படுத்துவிட்டன. சமதளத்தில் சாதுவாகப் போகும். ஏற்றத்தில் பிக்கப் சுத்தமாக இருக்காது, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க மூச்சு வாங்கும். போதாததற்கு கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாடை. விற்றவரிடம் கேட்டபோது, "ஆறு சிலிண்டர் அப்படித்தான், அது அதன் சுபாவம்" என்று சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

சின்ன வயதில் எங்கள் ஊர் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் பொடித் துளையான ஜெட்டை வாயால் ஒரு ஊது ஊதுவார். வண்டி கிளம்பிவிடும். அந்த அனுபவ மூலதனத்தோடு நானும் இறங்கினேன். எலுமிச்சைச் சாற்றில் கொதிக்கவைத்தால் கார்புரேட்டர் பளிச்சென்று ஆகும் என்று கேள்விப்பட்டு, அகலமான பாத்திரம் தேடினேன். இட்லிப் பானைதான் சரியான அளவில் இருந்தது. கார்புரேட்டர் பளிச்சென்று ஆனது உண்மை. அந்தப் பானை இப்போது கராஜில் நட்டு போல்ட்டு போட்டுவைக்கப் பயன்படுகிறது, புதுப் பானை வாங்கியாயிற்று, அதைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு அனுமதி இல்லை.

ரிப்பேர் கிட் வாங்கி கேஸ்கட், டயாஃப்ரம் என்கிற சவ்வு எல்லாம் மாற்றியும் பிரயோஜனமில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் த்ராட்டில் தண்டு போகும் துளை தேய்ந்து, தண்டு ஆடியது. அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுந்துகொண்டிருந்தது. ஆக, வேறு கார்புரேட்டர்.

உதிரிபாகக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். 1990களின் தொடக்கத்தோடு அமெரிக்கக் கார்களில் கார்புரேட்டர் போயே போச்சு, அவன் பிறந்தது அதற்குப் பிறகு. "எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷனா?" என்று கேட்டான். 1966 என்றேன். "ஏசி உண்டா?" என்றான். கம்ப்யூட்டர் கேட்கச் சொன்னதாம். கடைசியில் எதையோ ஆர்டர் போட்டான். வந்தது கியர் வண்டிக்கான கார்புரேட்டர். என்னுடையது ஆட்டோமேட்டிக். காலை எடுத்ததும் எஞ்சின் ஆஃப் ஆகாமலிருக்க ஆட்டோமேட்டிக்கில் டேஷ்பாட் என்று ஒரு குட்டிக் கிண்ணி இருக்கும், இதில் அதை மாட்ட இடமே இல்லை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்குக்குச் சுடுகாற்று கொண்டுவரும் குழாயும் இதில் சேரவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

அப்போதுதான் ஒரு ஞானம் பிறந்தது. அந்தக் காலத்து ஃபோர்டு கார்புரேட்டர்களின் தலையில், ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில், சின்னத் தகரச் சீட்டு தொங்கும். அதில் எண் இருக்கும். பெரும்பாலும் ரிப்பேர் செய்தவர்கள் தொலைத்திருப்பார்கள், எனக்கு அதிர்ஷ்டம், இருந்தது. ஆட்டோலைட் 1100 மாடல், சி8 என்று தொடங்கும் எண். அதே எண்ணைத் தேடினால் முடிந்தது! இரண்டு மாதம் தேடினேன். கிடைத்தது. மாட்டினேன். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. டேஷ்பாட் சரி, சோக் குழாய் சரி, பெட்ரோல் வாடையும் போயே போச்சு. மனைவியையே கூட்டிக்கொண்டு மேம்பாலம் ஏறினேன்.

அதே மூச்சிரைப்பு. "புதுசு மாட்டியாச்சுன்னு சொன்னீங்க?" என்றாள்.

பென்சில்வேனியாவின் கார்லைலில் பழைய கார் சாமான் சந்தை கூடும். எடிசனிலிருந்து மூன்று மணி நேரம். அங்கே ஒரு பெரியவர் தார்ப்பாயில் கார்புரேட்டர்களைக் கருவாடு மாதிரி பரப்பி வைத்திருந்தார். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"உன் கார் என்ன வருஷம்?"

"1966."

"சி8 என்றால் 1968. இது உன் காருடையதே இல்லை."

சி என்பது அறுபதுகள், அடுத்த எண் வருஷம். இது தெரியாமல், யாரோ என்றைக்கோ தவறாக மாட்டிய கார்புரேட்டருக்கு அச்சு அசலான இரட்டைப் பிள்ளையை இரண்டு மாதம் தேடிக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

"பிறகு எப்படிப் பொருந்தியது?" என்றேன். போல்ட்டுத் துளைகள் பொருந்தும், டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் பொருந்தாது என்றார். கார்புரேட்டர் பெட்ரோல் சமாசாரம், டிஸ்ட்ரிப்யூட்டர் சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் கரண்ட் சமாசாரம், இருவருக்கும் என்ன சம்பந்தம்? அவர் விளக்கியதை நம் பாஷையில் சொல்கிறேன்.

எஞ்சின் வேகம் கூடக்கூட ஸ்பார்க் சற்று முந்தி விழ வேண்டும். சாதாரண டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இதற்கென்று எடைக்கட்டிகள் சுழலும். வேகம் கூடினால் அவை விரியும், ஸ்பார்க் முந்தும். என் காரில் இருப்பது லோட்-ஓ-மேட்டிக் என்ற ஜாதி. அதில் எடைக்கட்டியே கிடையாது. கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாயில் வரும் வேக்குவத்தை, அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பை மட்டுமே நம்பி வாழும் ஜீவன் அது. அதற்காகவே அந்தக் காலக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஸ்பார்க் கன்ட்ரோல் வால்வு என்று ஒன்று, பெரிய நட்டு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். 1968இல் ஃபோர்டு டிஸ்ட்ரிப்யூட்டருக்கு எடைக்கட்டி வைத்தது, கார்புரேட்டரிலிருந்து வால்வை எடுத்துவிட்டது. அந்த 68-ஐக் கொண்டுவந்து 66 தலையில் கட்டினால், ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க வேக்குவம் குறையும், ஸ்பார்க் பின்வாங்கும், பள்ளிக்கூடப் பேருந்து முந்தும்.

பத்தில் ஒன்பது பொருத்தம் இருக்கிறது, ரஜ்ஜு தட்டுகிறது. என் மாமியார் இதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

டிஸ்ட்ரிப்யூட்டரை மாற்றினாலும் சரியாகிவிடும் என்றார் பெரியவர். எடிசனில் பிறந்ததை மேலும் மாற்ற மனம் வரவில்லை. தார்ப்பாயின் மூலையிலிருந்து, துருத்திய நட்டோடு, சி6 சீட்டோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 150 டாலர். பேரம் பேசும் தார்மிக பலம் என்னிடம் இல்லை.

மாட்டுவதற்கு முன், குழாயை டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம் மட்டும் விட்டுவிட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சிப் பார் என்று சொல்லியிருந்தார். உள்ளே தட்டு நகர்ந்தால் டயாஃப்ரம் நல்லது. ஊரில் ஊதினார்கள், இங்கே உறிஞ்சுகிறேன். காபியோடு கராஜுக்கு வந்த மனைவி, எஞ்சினுக்குள் தலையை விட்டு நான் குழாயில் எதையோ குடிப்பதைப் பார்த்து, காபியோடே திரும்பிப் போய்விட்டாள். தட்டு நகர்ந்தது.

மேம்பாலத்தில் இப்போது கார் கௌரவமாக ஏறுகிறது. பறக்கவில்லை, 120 குதிரைதானே. பேருந்துப் பையனை மறுபடி பார்க்கக் கிடைக்கவில்லை, அது ஒரு குறை.

மிச்சமிருந்தது அந்த சி8 இரட்டையர். "ரெண்டையும் வித்துத் தொலைங்க" என்று உத்தரவு. விளம்பரம் போட்ட மறுநாளே ஒருவர் கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்வதாகப் போன் செய்தார். எந்த வருஷக் கார் என்று கேட்டேன். 1965 என்றார். "டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் எடைக்கட்டி உண்டா?" என்றேன். "கார்புரேட்டர் கேட்டால் டிஸ்ட்ரிப்யூட்டரை எதற்கு விசாரிக்கிறீர்கள்?" என்றார் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. அவர் வாங்கவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஜாதகம் சேரலை" என்றேன்.